பஸ்ஸுக்காக நிற்காதவன்

போன பங்குனியில் ஒரு நாள் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். எதிரே என் மகள் போனைப் பார்த்துப் பார்த்துத் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னடி என்றேன். அவளுக்குப் பிடித்த இங்கிலீஷ் பாட்டு ஒன்றுக்கு என்ன அர்த்தம் என்று முன்பின் பார்த்திராத ஆட்களெல்லாம் அதில் சண்டை போட்டுக்கொள்கிறார்களாம். ஒருத்தர் சாவைப் பற்றிய பாட்டு என்கிறாராம். இன்னொருத்தர் இல்லை, கடவுளைப் பற்றி என்கிறாராம். மூன்றாவது ஆள், இது பாடினவனுடைய செத்துப்போன நாயைப் பற்றியது என்று அடித்துச் சொல்கிறாராம். “வேலை வெட்டி இல்லாதவங்கம்மா” என்றாள்.

வேலையும் வெட்டியும் நிறைய இருந்த காலத்திலேயே நான் இதே காரியத்தைச் செய்திருக்கிறேன். அதுவும் புளி மூட்டைகளின் நடுவில் உட்கார்ந்து. விரலில் ஒட்டியிருந்த புளியை முகர்ந்து பார்த்தேன். அவ்வளவுதான், மனசு மலையேறிவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம் அது. நர்ஸ் பயிற்சி முடித்தவுடன் எனக்கு முதல் வேலை புதூர்நாட்டில். உத்தரவைப் படித்த அப்பா, மலைப்பிரதேசம் என்றால் குளுகுளுவென்றிருக்கும், கொடுத்து வைத்தவள் என்றார். அவர் ஜவ்வாது மலையைக் கலசப்பாக்கத்து வயலில் நின்று, தூரத்து நீலமாக மட்டுமே பார்த்தவர். நான் ஒரு டிரங்குப் பெட்டி, பம்ப் ஸ்டவ், இரண்டு ஸ்வெட்டரோடு போய் இறங்கினேன். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு சாமைக் கொல்லை வழியாக ஏறி இறங்கியதில் முதல் வாரமே வேர்க்குரு வந்துவிட்டது.

பஸ் என்று பேருக்கு ஒன்று உண்டு. மழை பெய்தால் வராது. மழை பெய்யாவிட்டாலும் சில நாள் வராது. போக்குவரத்தெல்லாம் ஜீப்தான். ஜீப் என்றால் அன்வர் பாய். ஆலங்காயத்துக்காரர், புளி வியாபாரம். மலையில் புளியும் பலாவும் வாங்கிக் கீழே கொண்டுபோவார், மூட்டைகளின் மேல் ஆட்களையும் ஏற்றிக்கொள்வார். அந்த வண்டிக்கென்று ஒரு வாசனை இருந்தது. புளி, பழுத்த பலா, டீசல், இவை எல்லாவற்றுக்கும் மேலே அவர் பூசும் அத்தர். இன்றைக்கும் எங்காவது பலாப்பழம் வெட்டினால் எனக்கு லேசாக டீசல் மணக்கும்.

வண்டி நிரம்பாமல் பாய் கிளப்ப மாட்டார். சந்தை நாளில் அது நிரம்ப ஒரு பகலே ஆகும். அந்த நேரத்துக்காக, குவைத்திலிருந்த அவர் மச்சான் கொடுத்த டேப் ரிக்கார்டரை முன்கண்ணாடிக்குக் கீழே கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்.

காவலூரில் வானத்து நட்சத்திரங்களைப் பார்க்கும் பெரிய தொலைநோக்கி இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே படிக்க வந்த பெங்களூர்ப் பையன் ஒருவனை ஆலங்காயத்திலிருந்து பாய் தன் வண்டியில் ஏற்றிப் போயிருக்கிறார். மேகம் போட்டால் அவர்களுக்கு வேலை கிடையாது, பாட்டுதான். அவனுடைய கல்லூரி நண்பர்கள் நாலு பேர் யாரோ ஒருவர் வீட்டு மாடியில் கிதாரும் மேளமுமாக, தாங்களே எழுதித் தாங்களே பாடி, தங்களுக்குள் கொடுத்துக்கொள்ள நாலைந்து கேசட் பதிவு செய்திருந்தார்களாம். அவனிடமிருந்த கேசட்டின் நாடாவை அவன் டேப் ரிக்கார்டர் மென்று துப்பிவிட்டது. எறியப் போனவனிடம் பாய் கேட்டு வாங்கி, நைந்துபோன துண்டை வெட்டி எடுத்துவிட்டு, மீதியைப் பசைநாடா போட்டு ஒட்டிவிட்டார். உறையில் பெயர் கிடையாது. பேனாவால் வரைந்த ஒரு சாலை மட்டும் இருந்தது. சினிமாவிலும் வராத, ரேடியோவிலும் வராத பாட்டுகள். உலகத்திலேயே அவற்றுக்கு ரசிகர்கள் என்று இருந்தது நாங்கள் நாலு பேர்தான் என்று அப்போது பெருமையாக நினைத்துக்கொள்வேன்.

பாயும் நானும் போக மூன்றாவது ஆள் வசந்தா. மலைப் பள்ளிக்கூடத்து டீச்சர், என்னோடு ஒரே அறையில் இருந்தவள். இங்கிலீஷ் இலக்கியம் படித்தவள் என்பதால் பாட்டின் வார்த்தைகளைப் பிடித்து எங்களுக்குத் தமிழில் சொல்லும் பொறுப்பு அவளுடையது. ஒரு பாட்டுதான் எங்களை விடாமல் பிடித்துக்கொண்டது. மெதுவான பாட்டு, தொண்டை கட்டின மாதிரி ஒரு குரல். அவள் சொன்னபடி அது இப்படிப் போகும்: கடைசி பஸ் போய்விட்டது, சாலை இங்கேயேதான் இருக்கிறது. என் கையில் ஒரு பெட்டி, அதில் ஒன்றுமில்லை. நான் பஸ்ஸுக்காக நிற்கவில்லை. உன் முகத்தைப் பார்க்கும் வரை நான்...

அதற்கு மேல் பாய் வெட்டி எறிந்துவிட்டார். ‘ஐ வில் வ’ என்று வரும், ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம், அடுத்த பாட்டின் மேளம் நடுவிலிருந்து ஆரம்பித்துவிடும்.

அந்த ‘வ’தான் எங்கள் சண்டைக்கெல்லாம் வேர். அது ‘வெயிட்’டாக இருந்தால் காத்திருப்பேன் என்று அர்த்தம். ‘வாக்’காக இருந்தால் நடப்பேன். உன் முகத்தைப் பார்க்கும் வரை காத்திருப்பேனா, நடப்பேனா? கேசட் கொடுத்த பையன் மூலமாக எழுதினவனையே கேட்டுவிடலாம் என்று பாயிடம் சொல்லியனுப்பினோம். நட்சத்திரம் பார்த்த பையன் மேற்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டான் என்று காவலூர் வாட்ச்மேன் சொன்ன பதில்தான் வந்தது. சண்டை போடுவதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று.

வசந்தா ‘நடப்பேன்’ கட்சி. கல்லூரியில் ஒரு பரீட்சைக்காக அவள் எக்ஸிஸ்டென்ஷியலிசம் என்று ஒன்று படித்திருந்தாள். அந்த வார்த்தையை யாரிடமாவது பிரயோகித்துவிட வேண்டும் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தவள் மாதிரி, புளி மூட்டை மேல் உட்கார்ந்து எங்கள் மேல் இறக்கினாள். மனிதனுக்கு யாரும் பஸ் அனுப்ப மாட்டார்கள், அவனேதான் போயாக வேண்டும், காலிப்பெட்டி வாழ்க்கையின் வெறுமை, ‘உன் முகம்’ என்பது அவனுடைய முகமேதான் என்பாள். பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று தொடங்கி, நேர் எதிராகச் சொல்லுவார். தர்காவில் பாடுகிறவர்கள் பாட்டில் ‘நீ’ என்றால் ஆண்டவன்தானாம். ஆண்டவன் முன்னால் எல்லோரும் காலிப்பெட்டியோடுதான் நிற்க வேண்டுமாம். நிற்கிறவன் எங்கே நடப்பது, காத்திருப்பேன்தான் என்பார்.

என் கட்சியை ஜீப்பில் சொல்ல எனக்குக் கூச்சம். அறையில் வசந்தாவிடம் மட்டும் சொன்னேன். பார்க்காத ஒரு முகத்துக்காகக் காத்திருப்பதென்றால் எனக்குப் பிரசவம் பார்க்கிற அறைதான் ஞாபகத்துக்கு வருகிறது, இது பிள்ளைத்தாய்ச்சி பாடுகிற பாட்டு என்று. “பாடுறது ஆம்பளடி” என்றாள் வசந்தா. நர்ஸ் புத்தி நர்ஸ் புத்தி என்று ஒரு வாரம் சிரித்தாள்.

நாலாவது ஆள் காளி. முப்பது வயசுக்குள் இருக்கும். வீட்டை ஒட்டிக் கொஞ்சம் சாமைக் கொல்லை, நாலைந்து புளியமரம். பாய்க்குப் புளி போடுகிறவர். மலைக்காரர்கள் பெரும்பாலும் எல்லோரையும் வா போ என்றுதான் பேசுவார்கள். அந்த ஒருமையில் இருக்கிற பிரியம் எங்கள் ஊர் ‘வாங்க போங்க’வில் கிடையாது. “இன்னொரு தபா போடு பாய்” என்று அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது. ஆனால் பாட்டை அவரளவு உன்னிப்பாக நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஜீப்புக்குள் மட்டும் ஏற மாட்டார். பின்னால் தொங்கும் ஸ்டெப்னியில் சாய்ந்து நின்றுதான் கேட்பார்.

ஏன் ஏற மாட்டார் என்பது பாய்க்கும் எனக்கும் தெரியும். அவருக்கும் சென்னம்மாவுக்கும் பிறந்த முதல் குழந்தையை எடுத்தவள் நான். ஏழாம் மாதமே பிறந்துவிட்டது. பஞ்சில் சுற்றி என் மார்போடு அணைத்துக்கொண்டு கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். ஓட்டினவர் பாய். பக்கத்தில் காளி. மலை இறங்கி முடிப்பதற்குள் என் நெஞ்சிலிருந்த சூடு குறைந்துவிட்டது. நான் சொல்லவில்லை, பாய்தான் என் முகத்தைப் பார்த்து வண்டியை ஓரமாக நிறுத்தினார். அப்படியே திருப்பிக்கொண்டு வந்துவிட்டோம். காளி தன் கொல்லை ஓரத்தில் பிள்ளையைப் புதைத்தார். உடம்பு தேறும் வரை இருக்கட்டும் என்று சென்னம்மாவை நெல்லிவாசல் பக்கத்திலிருந்த தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள். உடம்பு தேறியும் அவள் வரவில்லை. சாமை அறுத்து, மறுபடி உழுகிற காலமும் வந்தது. போனவ தானா வரட்டும், நீ போய் நின்னா நம்ம மானம் இன்னாவறது என்று பங்காளிகள் காளியிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

பாட்டில் காளியும் ‘காத்திருப்பேன்’ கட்சிதான். அது வீட்டுக்காரிக்குப் பாடுகிற பாட்டு என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. போனவள்தான் வர வேண்டும், இவன் நிற்கிறான், அவ்வளவுதான் என்பார். பெட்டி மட்டும்தான் அவருக்குப் பிடிபடவில்லை. காலிப்பெட்டியை ஒருத்தன் ஏன் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும்? வசந்தா சொன்ன வெறுமையும் சரிப்படவில்லை, பாய் சொன்ன ஆண்டவனும் சரிப்படவில்லை.

ஒரு சந்தை நாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பாட்டு முடிந்து அந்தக் ‘கிர்ர்’ வந்ததும் பாய் டேப் ரிக்கார்டரை அணைத்தார். ஸ்டெப்னியில் சாய்ந்திருந்த காளி யாரையும் பார்க்காமல் சொன்னார்:

“புள்ளத் துணி வச்சிருந்த பொட்டியா இருக்கும்.”

வசந்தாவுக்கு நடந்தது முழுதாகத் தெரியாது, ஆனாலும் எங்கள் முகங்களைப் பார்த்து விளங்கிக்கொண்டாள். பாய் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் வசந்தாதான் மெதுவாகக் கேட்டாள்.

“அப்படின்னா அவனுக்கு மட்டுமா துக்கம், காளி? அவளுக்கும்தான இருக்கும். அவ மட்டும் எப்படி நடந்து வருவா?”

காளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த சந்தைக்கு அவர் வரவேயில்லை. மனசு புண்பட்டுவிட்டதோ என்று வசந்தா அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். எக்ஸிஸ்டென்ஷியலிசம் பக்கமே கொஞ்ச நாள் போகவில்லை.

அப்புறம் எனக்கு நெல்லிவாசல் பக்கம் தடுப்பூசி போடப் போகிற முறை வந்தது. ஐஸ் கட்டி வைத்த மருந்துப் பெட்டியோடு காட்டுப்பாதையில் ஏறி இறங்க வேண்டும். வழக்கமாகப் பெட்டி தூக்க வருகிறவருக்கு அன்றைக்குக் காய்ச்சல். நான் என்ன செய்வதென்று வாசலில் நின்றபோது காளி வந்தார். தலையில் புதுத்துண்டு. “குடு நர்சம்மா, நான் தூக்கினு வர்றேன்” என்றார். எந்த ஊருக்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. யார் மூலமாகவோ தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார். வழியெல்லாம் அவர் முன்னால் நடந்தார். நான் மூச்சு வாங்க நின்றால் அவரும் நிற்பார், அவ்வளவுதான்.

ஊருக்குள் ஒரு வீட்டு முன்னால் உட்கார்ந்து, ஊசியைக் கொதிக்க வைக்க அடுப்பு மூட்டச் சொன்னேன். பெண்கள் குழந்தைகளோடு வந்து சேர்ந்தார்கள். அண்ணன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சென்னம்மாவும் வந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்க வாயெடுத்தவள் பெட்டியோடு நின்ற காளியைப் பார்த்துவிட்டாள்.

“இன்னா இந்தப் பக்கம்?”

“நர்சம்மாவுக்குப் பொட்டி தூக்கினு வந்தேன்.”

“தூக்கினு வந்துட்ட இல்ல? வச்சிட்டுப் போ.”

காளி பெட்டியை வைத்தார். போகவில்லை. நான் பாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். இருக்கிற குழந்தைகளுக்கு எவ்வளவு மெதுவாகப் போட முடியுமோ அவ்வளவு மெதுவாகப் போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளின் அழுகையெல்லாம் ஓய்ந்து, மற்றவர்கள் கலைந்த பிறகும் சென்னம்மா நின்றாள்.

“சாமை வெதச்சியா?”

“இல்ல.”

“ஏன்?”

“யாருக்கு வெதைக்கிறது?”

அவள் இடுப்புக் குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். தன்மேல் கோபம் என்றால் திட்டிவிடு, அடி, ஊருக்கு மட்டும் வா என்று காளி தரையைப் பார்த்துச் சொன்னார். கோபம் யார் மேலும் இல்லை என்றாள் அவள். பிறகு, யாரும் கேட்காததால் இதுவரை சொல்லாமலிருந்ததைச் சொன்னாள்.

“காலைல எழுந்தா அந்தக் கொல்லை ஓரம் கண்ணுல படும். என்னால அத்தப் பாத்துனு ஒல வைக்க முடியாது.”

எனக்கு எழுந்து போய்விட வேண்டும் போலிருந்தது, ஆனால் எழுந்தால் பேச்சு அறுந்துவிடும் என்று பயந்து சிரிஞ்சைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

“அப்போ நான் இங்கியே கீறேன்” என்றார் காளி.

நான் திரும்பும்போது பெட்டியை நானேதான் தூக்கி வந்தேன். மருந்து தீர்ந்திருந்ததால் கனமில்லை.

சொன்னபடி இருந்தார். மாமனார் நிலத்தில் உழுதார், அவர்கள் சாமையை விதைத்தார், மாட்டுக்குத் தழை வெட்டிப் போட்டார். புதூர்நாட்டில் பங்காளிகள் சிரியாய்ச் சிரித்தார்கள். மாமியார் வீட்டுச் சோற்றுக்குப் போய்விட்டான் என்று சந்தையில் நின்று பேசினார்கள். காளி காதில் விழாமலா இருந்திருக்கும்? திரும்பிப் பார்க்கவில்லை மனிதர். இடையில் ஒரு நாள் மட்டும் வந்து, அந்தக் கொல்லையைப் பங்காளி ஒருவருக்கு விட்டுக்கொடுத்து, மேட்டுப்பக்கம் கல்லும் முள்ளுமாகக் கிடந்த அவருடைய நிலத்தை மாற்றாக வாங்கிக்கொண்டு போனார். நஷ்டம்தான். பங்காளியே வேண்டாம் என்றாராம். தை பிறந்து, மேட்டு நிலத்தில் புதிதாக வீடு கட்டி, அப்புறம்தான் சென்னம்மா வந்தாள். அவள் முன்னால் விறுவிறுவென்று நடந்து வர, பத்தடி பின்னால் இவர் ஒரு கோழியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன்.

இதையெல்லாம் ஜீப்பில் கேட்ட பாய் ரொம்ப நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். “மொதல்ல நடந்தான். அப்பறம் காத்துனு இருந்தான். ரெண்டும் ஒரே எழுத்துலதான சிஸ்டர் ஆரம்பிக்குது?” என்றார். வசந்தாவுக்குத் திருப்தியில்லை. தன் கட்சி முழுசாக ஜெயித்ததா, பாதி ஜெயித்ததா என்று தெரியாமல், அப்படியென்றால் பாட்டுக்கு என்னதான் அர்த்தம் என்று கோபமாகக் கேட்டாள். அவள் கேட்ட வேகத்தில் பாய் சிரிக்க, நானும் சிரிக்க, கடைசியில் அவளும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் அழுகையும் வந்தது.

அந்தக் கேசட் கோடையில் ஒரு நாள் முன்கண்ணாடி வெயிலில் வளைந்துபோயிற்று. பாய் ஜீப்பை விற்றுவிட்டு வாணியம்பாடியில் தோல் வியாபாரத்துக்கு மாறினார். சில வருஷங்களுக்கு முன் தவறிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு மாற்றல் வந்தது, கல்யாணம் வந்தது. தனக்கு மாற்றல் வந்தபோது வசந்தா மட்டும் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு மலையிலேயே கடைசி வரை வேலை பார்த்தாள். யாருக்காக இருக்கிறாய் என்று கேட்டால், யாருக்காகவும் இல்லை, இருக்கிறேன் என்பாள். இப்போது திருப்பத்தூரில் தங்கையோடு இருக்கிறாள். காது சரியாகக் கேட்பதில்லை. போனில் பேசினால் அவள் ஒன்று பேசுகிறாள், நான் ஒன்று பேசுகிறேன்.

இரண்டு வருஷம் முன்னால் ஒரு கல்யாணத்துக்கு மலைக்குப் போனேன். நல்ல தார்ச்சாலை. ஆம்புலன்ஸ் ஒன்று விளக்கைச் சுழற்றிக்கொண்டு என்னைத் தாண்டி இறங்கியது. அது வளைவில் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் காலத்தில் இல்லாமல் போனதே என்ற ஏக்கமும், இப்போதாவது வந்ததே என்ற நிம்மதியும் சேர்ந்து வந்தன. அந்தக் காலம்தான் பொற்காலம் என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் சண்டைக்குப் போய்விடுவேன்.

சென்னம்மாவைத் தேடிப் போனேன். மேட்டு நிலத்தில் இப்போது மாமரங்கள். தலை முழுக்க நரைத்திருந்தாள். மகளும் பேத்தியும் கீழே ஊரில் இருக்கிறார்களாம். காளி போய் மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது என்றாள். பேச்சு சுற்றிச் சுற்றி பாய் ஜீப்புக்கு வந்தது. அந்தப் பாட்டை நீ கேட்டதுண்டா என்றேன்.

“நான் எங்க கேட்டேன்? அவரு ஏர் ஓட்டச்சொல்ல முனகுவாரு. மரம் ஏறும்போதும் முனகுவாரு. பேச்சு இருக்காது, ராகம் மட்டும். இன்னா பாட்டுன்னு நானும் கேட்டதில்ல. அவரு முனகறதுதான் எனக்குப் பாட்டு.”

அது எப்படி இருக்கும், எனக்கு மறந்துவிட்டது, கொஞ்சம் முனகிக் காட்டேன் என்றேன்.

சென்னம்மா கொஞ்சம் வெட்கப்பட்டாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, மாமரங்களின் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமினாள். உதடு அசைந்தது. காத்திருந்தேன். மறுபடி ஒரு முறை முயன்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, ஏதோ கையில் வைத்திருந்ததைக் கீழே போட்டுவிட்டவள் போலப் பார்த்தாள்.

“வர்ல நர்சம்மா” என்றாள்.

எனக்கும் வரவில்லை.